பத்து நாள் கடன்

ஜங்ஷனில் மைதீன் பிச்சை
இரண்டையும் கண்ணாடி மேசைமேல் வைத்தார்.
கறுப்பு, மிரர்லெஸ். அந்த வகையில் கடைக்குட்டி,
லென்ஸ் கழற்றி மாட்டலாம்,
ஐம்பத்தெட்டாயிரம், பை இலவசம்.
சிவப்பு, சோப்புப் பெட்டி அளவு,
பதினைந்து மீட்டர் ஆழத்திலும் தண்ணீர் புகாதாம்.
"கறுப்பு புதுமாப்பிள்ள கணக்கா, மழையில நிறுத்தப்படாது.
சிவப்பு கொத்தனாரு. எங்கேயும் எறங்கும்."
ஆபீஸ் காசு ஒன்றுக்குத்தான் காணும்.
பத்து நாள் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று
என் ஆதார் அட்டையை வாங்கி
கல்லாவுக்குள் போட்டுக்கொண்டார்.

வேலை பாபநாசம் படித்துறையில்.
பாவம் தொலைய முங்கி எழுந்தவர்கள்
உடுத்தி வந்ததை ஆற்றில் விட்டுப் போகிறார்கள்.
வேட்டி எத்தனை சேலை எத்தனை
என்று எண்ணித் தரவேண்டும்.
படம் இல்லாத எண்ணை
மேலிடம் நம்பாது.

எனக்கு நீச்சல் தெரியாது,
கறுப்பு என் கைக்கு வந்தது.
ஆவுடைத்தங்கம் கல்லிடைக்குறிச்சிக்காரி.
வாய்க்காலுக்குள் மூச்சடக்கிப் பந்தயம் கட்டியவள்,
சிவப்பை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள்.

முதல் நாள் விடிய
நான் எடுத்த ஆற்றை
கல்யாணப் பத்திரிகையில் அச்சடிக்கலாம்.
மலை பின்னால் பாலாய்க் கரைந்து கிடக்க
ஈரப் படியில் ஒரு செம்பு மட்டும்
விளிம்புத் துளியோடு துலங்கியது.
துணி ஒன்றுகூட இல்லை அதில்.

அவள் எடுத்தது பச்சைப் புகை.
தவிடு தூவினாற்போல் புள்ளி புள்ளியாய்.
நடுவில் ஒரு சேலை
உள்ளே ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தது.
அடுத்து ஒரு சட்டை, பித்தான் கழற்றாதது.
"பையப் பாரும், குடி இருக்கு" என்றாள்.
பைக்குள்ளிருந்து
ஒரு கெண்டைக்குஞ்சு வெளியே பார்த்தது.

சிவப்பிலும் குறை உண்டு.
பிளாஷ் போட்டால் கலங்கலெல்லாம் நட்சத்திரம்.
மூடியின் ரப்பரில் ஒரு மணல் ஒட்டினால் போச்சு,
தாழம்பூவுக்குப் பேன் பார்ப்பதுபோலப் பார்க்கணும்.
மத்தியானத்தில் பேட்டரி கண்ணைச் செருகும்.
கறுப்பு நாலாம் நாள் பனியில் நனைந்து
லென்ஸ் மூச்சடைத்துப்போனது.
விக்கிரமசிங்கபுரத்து லாட்ஜில் அதை
ஒரு பகல் முழுக்க அரிசி டப்பாவில் படுக்கவைத்தேன்.
அந்த அரிசியை என்ன செய்வதென்று
ஆவுடைத்தங்கம் ரெண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஏழாம் நாள்
மேலே மழை. தண்ணீர் செம்மண் நிறம்.
வேண்டாம் என்றேன். இறங்கிவிட்டாள்.
நொடிக்குப் பத்துப் படம் எடுக்கும்
என்று போட்டிருக்கிறது கறுப்பின் அட்டைப்பெட்டியில்.
ஐம்பது நொடி அவள் மேலே வரவில்லை.
ஒரு படம் எடுக்கவில்லை நான்.

நாலு படி தள்ளி எழுந்தாள், இருமினாள்,
கையில் எதையோ தூக்கிக் காட்டினாள்:
"பேண்ட் ஒண்ணு. எழுதும்."
எழுதினேன். எழுத்து கோணியது.
அப்புறம்தான் பொத்தானை அழுத்தினேன்.

கடைசி ராத்திரி
இரண்டு கார்டையும் லேப்டாப்பில் கொட்டினோம்.
என்னுடையதில் அவள்.
இமையில் தொங்கும் சொட்டை எண்ணலாம்,
சொட்டுக்குள் தலைகீழாய்ப் படித்துறையையும்.
வெகுநேரம் பார்த்தாள்.
"கன்னத்துல சேறு. சொல்லியிருக்கலாம்லா" என்றாள்.

அவளுடையதில் அறுநூற்றுப் பதினொன்றாம் படம்.
நீருக்கடியிலிருந்து மேல்நோக்கி எடுத்தது.
வானம் கிழிந்த தகரமாய் நெளிய
மூன்று துண்டாய் ஒரு ஆள்,
முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பெட்டி.
அந்த ஐம்பது நொடிக்குள் எடுத்தது.

மறுநாள் மைதீன் பிச்சையிடம் ஆதாரை வாங்கினேன்.
சிவப்புக்கு ரசீது.
தேவைக்கான காரணம் என்ற கட்டத்தில்
'ஆற்றுக்குள் வேலை' என்று எழுதினேன்.
கறுப்பைத் துடைத்துப் பெட்டியில் வைத்தபோது
அரிசி ஒன்று உதிர்ந்தது.

பஸ்ஸில் கேட்டேன்,
அத்தனை கலங்கலில் அது நான்தான் என்று
எப்படிக் கண்டுபிடித்தாய்.

"சட்டைய வெச்சுத்தான்" என்றாள்
ஜன்னலைப் பார்த்தபடி.
"பத்து நாளா அதத்தானே எண்ணுதேன்."